ஊசி போட்ட தோளும் உளுந்தூர்ப்பேட்டை வக்கீலும்

உளுந்தூர்ப்பேட்டையில் புதிதாகக் கவுன் மாட்டியிருக்கும் தம்பிக்கு,

விபத்து வழக்கு அந்த ஊர் வக்கீல்களுக்குப் பழக்கமானது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை அவ்வழியாகத்தான் போகிறது. யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலேயே, மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில் உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கேட்கலாம். அந்தக் கைப்பழக்கத்தில், தடுப்பூசிக்குப் பிறகு கையைத் தூக்க முடியாத களமருதூர்க்காரர் ஒருவருக்கு மனு எழுத உட்கார்ந்தால் பேனா நின்றுவிடும். தோளுக்கு அப்படி ஒரு பிரிவு இங்கே கிடையாது.

அமெரிக்காவில் உண்டு. தடுப்பூசிப் பாதிப்புக்கு இழப்பீடு தரும் சட்டம் 1986-இல் வந்தது. தடுப்பூசி மீது வசூலிக்கும் 75 சென்ட் வரியில் அதன் இழப்பீட்டு நிதி நடக்கிறது. 2017-இல் தோள் காயத்தையும் அந்தச் சட்டத்தின் பாதிப்பு அட்டவணையில் சேர்த்தார்கள். ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும், அந்தத் தோளில் முன்பு கோளாறு இருந்திருக்கக் கூடாது, வலியும் முடக்கமும் அந்தத் தோளோடு நிற்க வேண்டும், வேறு காரணம் தென்படக் கூடாது. இவை பொருந்தி, பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், நர்ஸின் தப்பை நிரூபிக்கத் தேவையில்லை. நியாயமான அடிப்படை இருந்தால், தோற்ற வழக்குக்கும் வக்கீல் பீஸை நிதியே தருகிறது. கொடுத்து வைத்தவர்கள்!

அந்த நான்கு நிபந்தனைகளும் நம் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கட்சிக்காரரை விசாரிக்க அவற்றைவிட நல்ல கேள்வித்தாள் இல்லை. ஏனென்றால் தோள் காயத்தில் பெரும்பாலும் மருந்து குற்றவாளி அல்ல, ஊசி இறங்கிய இடம்தான். தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே, டெல்டாய்டு தசையில் அது இறங்க வேண்டும். சட்டைக் கையைச் சுருட்டாமல் கழுத்துப் பக்கத்திலிருந்து கீழே இழுத்துவிட்டு, உட்கார்ந்திருப்பவருக்கு நின்றபடியே குத்தினால் ஊசி மேலேறி மூட்டுப் பையில் இறங்கிவிடலாம். சாதாரண ஊசிவலி இரண்டு மூன்று நாளில் போய்விடும். இந்த வலி போகாது, கொண்டை போடக்கூடக் கை எழும்பாது. யார் நின்றார், யார் உட்கார்ந்தார், சட்டைக் கை எப்படி இருந்தது, குத்திய இடம் எது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லித் தம்பி முதல் நாளே எழுதிக்கொள்வது நல்லது.

செவிலியர் மேல் போலீஸ் புகார் கொடுக்கச் சொல்லி உறவினர்கள் நச்சரிப்பார்கள். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும். அந்தப் புகார் தேறாது, சாட்சி சொல்லக்கூடிய ஒருவரையும் எதிரியாக்கிவிடும். அதைவிட, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏ.இ.எஃப்.ஐ. (தடுப்பூசிக்குப் பின் நேரும் பாதிப்பு) பதிவு போட வைத்து நகல் வாங்குவது மேல். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலேயே ‘செலுத்தியதில் நேர்ந்த பிழை’ என்று தனி வகை இருக்கிறது. அந்த வகையில் பதிவானால் பாதி வாதம் அரசின் தாளிலேயே வந்துவிடும்.

வழக்கை எங்கே போடுவது? எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் அரசு நிலையத்தில் போட்ட ஊசி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்பது 1995-இன் வி.பி.சாந்தா தீர்ப்பு. அதற்கு சிவில் கோர்ட், அல்லது உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவு ரிட். காசு கொடுத்துத் தனியார் மருத்துவமனையில் போட்டிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கெடு இரண்டு ஆண்டு. 2019 சட்டப்படி ஆணையத்தின் வரம்பு கட்டிய காசைப் பொறுத்தது, கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல. சில நூறு ரூபாய் ஊசிக்குப் புகார்க் கட்டணமே இல்லை. பில்லைப் பத்திரப்படுத்தச் சொல்ல வேண்டும்.

தொகை கேட்கும்போது விபத்து வழக்குப் பழக்கம் கைகொடுக்கும். மருத்துவச் சான்றில் உள்ள ஊன சதவீதம் வேறு, பிழைப்பில் விழுந்த இழப்பு வேறு என்கிறது ராஜ்குமார் எதிர் அஜய்குமார் தீர்ப்பு. இடது கை போனால் தச்சருக்குக் கிட்டத்தட்ட எல்லாமே போகும், அரசு எழுத்தருக்கு வருமானமே குறையாமல் போகலாம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டுபவரின் தோளையும், கல்வராயன் மலையில் விறகுக் கட்டு தூக்குபவரின் தோளையும் அந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

பீஸ் விஷயம்: கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று பேசுவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. நிலையான தொகை ஒன்றைப் பேசி, எம்.ஆர்.ஐ. செலவையும் சாட்சி சொல்ல வரும் எலும்பு மருத்துவரின் செலவையும் தம்பி தனியாக முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.