தடைக்காலமும் தூண்டிலும்: குவெல்ப் ஏரியில் கயாக்கிலிருந்து மீன்பிடிப்போர் அறிய வேண்டியவை

ஒன்ராறியோ மாகாணத்தின் குவெல்ப் நகரை அடுத்துள்ள நீர்ப்பரப்பை மக்கள் ஏரி என்றே அழைக்கின்றனர். உண்மையில் அது ஸ்பீட் ஆற்றை மறித்து 1976ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அணையின் நீர்த்தேக்கமாகும். பனி உருகும் இளவேனிலில் பெருகிவரும் வெள்ளத்தைத் தாங்குவதும், கோடையில் ஆறு வற்றிவிடாதபடி சிறிது சிறிதாக நீரைத் திறந்துவிடுவதுமே அதன் பணி. ஆகவே அதன் கரை நிலையானதன்று. மே மாதத்தில் தடையின்றிச் செல்லக்கூடிய இடங்களில் இலையுதிர்காலத்தில் சேறும் கட்டைகளும் தலைகாட்டும்.

லார்ஜ்மவுத் பாஸ் என்னும் பெருவாய் மீன் விரும்பி வாழ்வது இத்தகைய ஆழமற்ற, நீர்ப்பாசி அடர்ந்த ஓரங்களிலேயே. அதன் மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னோக்கி நீண்டிருக்கும். அதன் உறவினமான ஸ்மால்மவுத் பாஸுக்கு அவ்வாறு இராது. துடுப்பினால் செலுத்தும் கயாக் ஓசையின்றி முழங்கால் அளவு நீரிலும் செல்லும். விசைப்படகு நெருங்க இயலாத இடத்தை அது எளிதில் எட்டுகிறது. கயாக்கில் செல்வோரின் வசதி இதுதான். அவர்களுடைய பொறுப்பு கூடுவதும் இதனால்தான்.

நீரின் வெப்பம் ஏறத்தாழ 16 பாகையை எட்டும்போது ஆண் பாஸ் ஆழமற்ற அடித்தரையில் தன் வாலினால் சேற்றைத் துடைத்து வட்டமான பள்ளம் அமைக்கிறது. பெண் மீன் முட்டையிட்டு நீங்கிவிடும். பின்னர்க் காவல் முழுவதும் தந்தையுடையது. சில நாள்களில் குஞ்சுகள் பொரித்த பின்பும் வாரக்கணக்கில் அது அவ்விடத்தை விட்டகல்வதில்லை. இரை தேடுவதும் அரிது. நம் ஊர்க் குளங்களில் விரால் தன் குஞ்சுக் கூட்டத்தைச் சுற்றிக் காவல் நிற்பதைக் கண்டவர்களுக்கு இது புதிய செய்தியன்று. நெருங்கிவரும் எதையும் ஆண் பாஸ் சீறித் தாக்கும். தூண்டிலையும் அது பசியினால் கவ்வுவதில்லை, பகைவன் என்று எண்ணியே கவ்வுகிறது.

“பிடித்த மீனை உடனே நீரில் விட்டுவிட்டால் குற்றமாகாதே?” என்பது பலர் கேட்கும் கேள்வி. குற்றமாகும். தடைக்காலத்தில் உள்ள இனத்தைப் பிடிக்க முயல்வதே ஒன்ராறியோவில் சட்டவிரோதம். விட்டுவிடும் எண்ணம் எதிர்வாதமாக நில்லாது. இவ்விதியின் நியாயம் அந்தப் பள்ளத்தில் இருக்கிறது. காவலன் தூண்டிலில் போராடிக்கொண்டிருக்கும் சில நிமிடங்களுக்குள் சூரியமீன்கள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னத் தொடங்கிவிடும். களைத்துத் திரும்பும் தந்தை சில வேளைகளில் கூட்டையே கைவிட்டுவிடுகிறது. குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் அமைந்துள்ள ஒபினிகான் ஏரியில் நிகழ்ந்த ஆய்வுகள் இதனைத் தெளிவாகக் காட்டியுள்ளன. மீன் உயிருடன் நீந்திச் செல்வதைக் கண்டு மனநிறைவு கொள்பவர் கண்ணில் அந்த இழப்பு படுவதில்லை.

குவெல்ப் ஏரி 16ஆம் மீன்வள மேலாண்மை வலயத்தைச் சேர்ந்தது. இங்கு பாஸ் பருவம் ஜூன் மாதத்தின் பிற்பகுதியிலேயே தொடங்குகிறது. சரியான நாளை மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் மீன்பிடி விதிகளின் தொகுப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டின் நினைவை நம்புதல் ஆகாது. அன்னையர் தின வார இறுதியில் கனடாவில் வசிப்போர் அனுமதிப்பத்திரம் இன்றியே மீன்பிடிக்கலாம் என்ற சலுகையால் பல குடும்பங்கள் தவறான முடிவுக்கு வருகின்றன. அந்நாள் மே மாதத்தில் வருவது. சலுகை அனுமதிப்பத்திரத்துக்கு மட்டுமே உரியது, தடைக்காலம் அன்றும் தடைக்காலமே. வேறு மீனுக்கு வீசிய தூண்டிலில் பாஸ் அகப்பட்டால் உடனே விடுவித்து, அவ்விடத்தை விட்டு விலகிச் செல்வதே முறை. குளிர் நீடித்த ஆண்டுகளில் பருவம் தொடங்கிய பின்பும் சில கூடுகளில் காவல் தொடரும். அங்கே சட்டம் தடுக்காது. எனினும் தெளிந்த நீரில் வட்டப் பள்ளமும் அதன்மேல் அசையாது நிற்கும் மீனும் தெரிந்தால் கயாக்கைத் திருப்பிக்கொள்வது நன்று.

18 முதல் 64 வயது வரையுள்ளோர் வெளிக்கள அட்டையும் மீன்பிடி அனுமதிப்பத்திரமும் வைத்திருத்தல் வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 வயதை எட்டியவர்களுக்கும் பெயரும் பிறந்த தேதியும் உள்ள அரசு அடையாள அட்டை போதும். பாஸ் இரண்டு இனங்களையும் சேர்த்து ஒருவர் 6 மீன்களை வைத்துக்கொள்ளலாம். கட்டணம் குறைந்த பாதுகாப்பு வகை அனுமதிப்பத்திரம் பெற்றவர் 2 மட்டுமே. உண்ணும் அளவு குறித்து மாகாண அரசின் மீன் உணவு வழிகாட்டி ஏரிவாரியாக ஆலோசனை தருகிறது. கருவுற்ற பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதில் தனி அளவுகள் உண்டு.

துடுப்புக் கயாக்கைச் செலுத்த இயக்குநர் அட்டை தேவையில்லை. ஆயினும் அதில் சிறிய மின்மோட்டார் ஒன்றைப் பொருத்தினாலும் அது விசைப்படகாகிவிடும், அட்டையும் கட்டாயமாகும். படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் உடலளவுக்குப் பொருந்திய, கனேடிய அங்கீகாரம் பெற்ற உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும், விசிலும் வேண்டும். அங்கியை இருக்கைக்குப் பின்னால் கட்டிவைத்தாலும் பெரியவர்களைப் பொறுத்தவரை சட்டம் நிறைவேறிவிடுகிறது. குளிர்நீர் அந்த வேறுபாட்டை அறியாது. இளவேனில் நீரில் விழுந்தவர் முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்த இயலாமல் திணறுவார். ஏறத்தாழ பத்து நிமிடங்களில் விரல்கள் செயலிழக்கத் தொடங்கும். அந்நிலையில் அங்கியின் பட்டியைப் பூட்ட எவராலும் முடியாது. கரையிலேயே அணிந்து, பூட்டிய பின்னரே கயாக்கில் ஏற வேண்டும்.

அணைக்கு அருகே மிதவைகளால் எல்லை குறிக்கப்பட்டிருந்தால் அதைக் கடத்தல் கூடாது. மதகு திறக்கும் நேரம் மேலே துடுப்பிடுபவருக்குத் தெரியாது. அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கி நிற்பவருக்கும் தெரியாது.