கசெட்டில் வந்தால் சட்டமா?

"கசெட் அடிச்சாச்சாம், இனி ஒண்டும் செய்யேலாது." கமநல நிலையத்தில் நின்றாலும் வலையிறவுப் பாலத்தடியில் நின்றாலும் இதே பேச்சு. வவுணதீவில் குடியியல் படிப்பிக்கிற எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

சட்டமூலத்தை வர்த்தமானியில் போடுவதே, வாசித்துப் பார்த்து மறுப்பிருந்தால் சொல்லுங்கள் என்பதற்காகத்தான். பயங்கரவாத எதிர்ப்புச் சட்டமூலம் 2018இல் வர்த்தமானியில் வந்தது. 2023 மார்ச்சில் வேறு வடிவில் வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் செப்டெம்பரில் திருத்தி மறுபடி வந்தது. மூன்றில் ஒன்றுகூடச் சட்டமாகவில்லை.

சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதும், எந்தப் பிரஜையும் உரிய காலத்துக்குள் அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம். படுவான்கரை விவசாயியும் போகலாம். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். பிறகுதான் இரண்டாம் மதிப்பீடு, குழுநிலை, மூன்றாம் மதிப்பீடு. கடைசியில் சபாநாயகர் சான்றுரைத்துவிட்டால் அந்தச் சட்டத்தின் வலிதுடைமையை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2024 ஜனவரி 24இல் 108க்கு 62 என்று நிறைவேறியது. நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுவதும் சேரவில்லை என்று எதிர்க்கட்சி கத்தியது. பெப்ரவரி 1இல் சபாநாயகர் மகிந்த யாப்பா அபேவர்தன கையெழுத்திட்டார், கதை முடிந்தது. பதறுகிறவர்கள் அதற்கு முன்னல்லவா பதறியிருக்க வேண்டும்?

ஏற்கெனவே இருக்கிற சட்டத்தின் கீழ் வரும் வர்த்தமானி அறிவித்தல் வேறு. 2025 மார்ச்சில் வடக்கில் ஏறத்தாழ 6,000 ஏக்கர் காணி பற்றி வந்தது அந்த வகை. அதற்குப் பயந்தது நியாயம். அதையும் உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது, அரசாங்கம் மீளப்பெற்றது.

ஜனாதிபதி ஒப்பமிட்டால்தான் சட்டமாம். இல்லை. சர்வசன வாக்கெடுப்புக்குப் போகிற சட்டமூலத்துக்கு மட்டுமே அவருடைய சான்று. எல்லாவற்றுக்கும் மூன்றில் இரண்டு வேண்டுமாம். அதுவும் இல்லை, சாதாரண சட்டத்துக்குச் சாதாரண பெரும்பான்மை போதும். 225இல் 150 பேர் தேவைப்படுவது அரசியலமைப்பில் கைவைக்கும்போது.

மாகாண சபையை மட்டும் ஒருவரும் பேசுவதில்லை. 2012இல் திவிநெகும சட்டமூலத்தை மாகாண சபைகளுக்கு அனுப்பவேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. மாகாணத்துக்குரிய விடயத்தில் கொழும்பு கைவைத்தால் கேட்டுவிட்டுச் செய் என்பதே அதன் பொருள். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலே இல்லை. இப்போது யாரிடம் கேட்பார்கள்? ஆளுநரிடமா? கசெட்டுக்குக் கூச்சல் போடுகிற நீங்கள், இந்தத் தேர்தலுக்காக ஒருநாளாவது வாய் திறந்தீர்களா?