முதியோரும் கோடைத் தாகமும்

சித்திரை, வைகாசி மாதங்களில் வெயிலின் கடுமையை நாம் யாவரும் அறிவோம். வேலூர், திருத்தணி முதலிய ஊர்களில் வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவது வழக்கம். 2024-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வயலில் உழைப்போருக்கே வெயிலால் ஆபத்து என்று நாம் கருதுகிறோம். திண்ணை நிழலில் அமர்ந்திருக்கும் முதியவருக்கும் அவ்வாபத்து உண்டு.

இதற்குக் காரணம் யாது? இளமையில் உடல் எடையில் நூற்றுக்குச் சுமார் 60 பங்கு நீர் உள்ளது. முதுமையில் அது 50 பங்கு அளவுக்குக் குறைகிறது. நீரைச் சேமிக்கும் திறனைச் சிறுநீரகங்களும் ஓரளவு இழக்கின்றன. எல்லாவற்றிற்கும் மேலாக, தாக உணர்ச்சியே மங்கிவிடுகிறது. "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டால், "வேண்டாம்" என்றே முதியவர் கூறுவார். உடல் வறண்டிருந்தும் அவருக்குத் தாகம் தோன்றுவதில்லை. ஆகவே, கேட்டுக் கொண்டிராமல் வேளை தவறாது கையில் கொடுப்பதே முறையாகும்.

நாள் ஒன்றுக்கு ஆறு முதல் எட்டு டம்ளர் பானம் தேவை. கடும் வெயிலில் இன்னும் சிறிது கூடுதலாகும். காலையில் ஒரு கூஜாவில் ஒன்றரை லிட்டர் நீர் நிரப்பி அவரருகில் வைப்போம். மாலையில் அதில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று பார்த்தால் உண்மை விளங்கும். நீர்மோரும் கஞ்சித் தண்ணீரும் நல்லவை. நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு ஆகியவையும் நீரளிப்பவையே. நீரிழிவு உள்ளவர்களுக்கு வெல்லப் பானகம் ஆகாது. சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீர் தீங்கு செய்யக்கூடும். இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களும், நீர் பிரியும் மாத்திரை உண்பவர்களும் மருத்துவரிடம் அளவு கேட்டறிதல் வேண்டும்.

இரவில் எழுந்து செல்ல அஞ்சி நீரைக் குறைத்துக் கொள்ளும் முதியோர் பலர். அவர்கள் பொழுது சாயுமுன் பெரும்பகுதியைப் பருகிவிடலாம். கழிப்பறைக்குச் செல்லும் வழியில் ஒரு விளக்கும், பிடித்து நடக்க ஒரு கழியும் அமைத்துக் கொடுத்தால் அச்சம் நீங்கும்.

நாவறட்சி, சிறுநீர் அடர்மஞ்சளாகிக் குறைதல், எழுந்தவுடன் தலைசுற்றல் ஆகியவை நீர் குறைந்ததன் அறிகுறிகள். பேச்சுத் தடுமாறினாலோ நினைவு தப்பினாலோ தாமதியாது 108-ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிறலாம். நினைவற்றவரின் வாயில் நீர் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் புகுந்துவிடும்.

பிள்ளைகள் வெளியூரில் பிழைக்க, முதியோர் தனித்து வாழும் வீடுகள் இன்று நம் கிராமங்களில் பல. மகளிர் சுய உதவிக் குழுவினரும் இளைஞர்களும் தெருவுக்கு ஒருவராகப் பொறுப்பேற்று, நண்பகலிலும் மாலையிலும் அவ்வீடுகளின் கதவைத் தட்டி ஒரு டம்ளர் மோர் கொடுத்து வருவார்களாயின், கோடையில் பல உயிர்கள் காக்கப்படும். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. இக்கோடையிலேயே நம் தெருவில் இதனைத் தொடங்குவோமாக.