வார்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு: பிளாடர் வாஷ் (கதீட்டர் வழியே சிறுநீர்ப்பைக்குள் மருந்து விட்டுக் கழுவுவது) பற்றி

1. "நாத்தம் அடிக்குது சிஸ்டர், உள்ளே மருந்து விட்டுக் கழுவிடுங்க" என்பார் பேஷண்டின் மகன். சரியென்று சிரிஞ்சை எடுத்துவிடாதீர்கள். யூரின் கலங்குவதும் வாடை வருவதும் மட்டும் இருந்தால் அது தொற்றுக்கு அடையாளம் ஆகாது. காய்ச்சல், அடிவயிற்று வலி, புதுக் குழப்பம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

2. தொற்று வராமலிருக்க வழக்கமாக மருந்து விட்டுக் கழுவ வேண்டாம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2009 வழிகாட்டி. 1978-லேயே வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் நியோமைசின், பாலிமிக்சின் கலந்து கழுவிப் பார்த்தார்கள். தொற்று குறையவில்லை, வந்த கிருமிகளோ அந்த மருந்துகளுக்கே அடங்காதவை.

3. கிருமிகள் கதீட்டரின் சுவரில் படலம் கட்டி ஒட்டியிருக்கும். சற்று நேரம் நின்று வெளியேறும் மருந்து அதை அழிக்காது. சிறுநீர்ப்பையின் உள்தோலைத்தான் புண்ணாக்கும். குளோர்ஹெக்சிடின் ஏற்றி யூரினில் ரத்தம் வந்ததுண்டு. கடும் அலர்ஜியும் வரலாம். தோலைத் துடைக்கும் மருந்து தோலோடு நிற்கட்டும்.

4. கதீட்டரும் யூரோ பேக் குழாயும் சேரும் மூட்டுதான் வாசல். ஒவ்வொரு வாஷுக்கும் அதைக் கழற்றுகிறோம். கிருமி உள்ளே போக வழிவிடுகிறோம். கல்ச்சருக்குக்கூட மூட்டைப் பிரிக்காதீர்கள். சாம்பிள் போர்ட்டைத் துடைத்துவிட்டு, அதில் எடுங்கள். பேக்கில் தேங்கியதை எடுக்காதீர்கள்.

5. புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பின் மூன்று வழிக் கதீட்டரில் சலைன் ஓடும். அது ரத்தக்கட்டி அடைக்காமலிருக்க, கிருமிக்காக அல்ல. அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எழுதுங்கள். வெளியே வருவது குறைந்து வயிறு உப்பினால் மட்டும் சலைனை மூடிவிட்டு உடனே சொல்லுங்கள்.

6. யூரின் நின்றால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா, பேஷண்ட் அதன்மேல் படுத்திருக்கிறாரா பாருங்கள். இல்லையென்றால் எதையும் அழுத்தி ஏற்றாதீர்கள். கதீட்டரை மாற்ற வேண்டியிருக்கலாம். முதுகுத்தண்டு அடிபட்டவருக்குத் திடீரென பி.பி. எகிறித் தலைவலியும் வியர்வையும் வந்தால், அடைப்பை உடனே தேடுங்கள்.

7. பேக் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையைத் தொடக்கூடாது. தினக் குளியலில் சோப்பும் தண்ணீரும் போதும்.

8. ரவுண்ட்ஸில் தினமும் கேளுங்கள்: "சார், இந்தக் கதீட்டர் இன்னும் வேணுமா?" உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் 100 பேரில் 3 முதல் 7 பேரின் யூரினில் கிருமி புதிதாகச் சேர்கிறது. எந்த வாஷும் செய்யாததை, அன்றே கழற்றிய கதீட்டர் செய்துவிடும்.