பீர்க்கங்காய், சுரைக்காய் தொக்கு: பாட்டிலில் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மேற்கு தாம்பரம் சண்முகம் சாலை மார்க்கெட்டில் சாயங்காலம் ஒரு சுற்று வந்தால், பீர்க்கங்காயையும் சுரைக்காயையும் கூறு கட்டிக் குறைந்த விலைக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு கிலோ வாங்கி வந்துவிடுவோம். கூட்டு ஒரு நாள், பொரியல் ஒரு நாள். மூன்றாவது நாள் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். அப்போதுதான் "தொக்கு பண்ணி பாட்டிலில் போட்டு வைக்கலாமா?" என்ற யோசனை வரும்.

தாராளமாகப் பண்ணலாம். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியில் இணைந்த ஊர்களில் ஒன்றின் பெயரே பீர்க்கன்காரணைதான். அந்த அளவுக்கு நம் பக்கத்துக்குப் பழகிய காய் இது. ஆனால் மாங்காய் தொக்கு மாதிரி இதையும் சமையலறை அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கலாம் என்று நினைத்தால், அங்கேதான் ஆபத்து. ஏன் என்று முதலில் பார்ப்போம். செய்முறை அப்புறம்.

மாங்காய்க்கும் சுரைக்காய்க்கும் என்ன வித்தியாசம்?

மாங்காய், எலுமிச்சை, நெல்லிக்காய் எல்லாம் இயல்பிலேயே புளிப்பு. அதோடு நிறைய உப்பும் சேரும்போது கிருமிகள் வளர இடமில்லை. பீர்க்கங்காய், சுரைக்காய், வெள்ளைப் பூசணி, சௌசௌ, சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் சுக்கினி ஆகியவை வேறு ரகம். இவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். புளிப்போ மிகக் குறைவு.

புளிப்பை பி.எச். என்ற அளவால் குறிப்பார்கள். எண் குறையக் குறைய புளிப்பு அதிகம். உணவுப் பாதுகாப்பில் 4.6 என்பது முக்கியமான கோடு. அதற்கு மேல் இருந்தால், காற்றில்லாத இடத்தில் 'கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்' என்ற பாக்டீரியா வளர்ந்து நச்சை உண்டாக்கலாம். மண்ணில் சாதாரணமாக இருக்கும் கிருமி இது. இதன் விதை போன்ற வித்துகள் கொதிக்கும் தண்ணீரிலும் சாகாது.

"மேலே எண்ணெய் நிற்கிற மாதிரி ஊத்தி வெச்சா கெடாது" என்று வீட்டில் சொல்வார்கள் இல்லையா? பூஞ்சணத்தைத் தடுக்க அது உதவும், ஏனென்றால் பூஞ்சணத்துக்குக் காற்று வேண்டும். பொட்டுலினத்துக்கோ காற்று இல்லாத இடம்தான் வசதி. புளிப்பு போதாத தொக்கின் மேல் நிற்கும் எண்ணெய் இந்தக் கிருமிக்கு மூடி போட்டுக் கொடுப்பது மாதிரி. இந்த நச்சு கலந்த உணவு மணத்திலோ நிறத்திலோ மாறாமலே இருக்கலாம். "மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்பது இங்கே செல்லாது.

ஆகவே இந்தத் தொக்குக்கு இரண்டு காவல் வேண்டும். ஒன்று, நன்றாகப் புளிப்பு சேர்ப்பது. இரண்டு, ஃப்ரிட்ஜில் வைப்பது. ஒன்று இருந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

நறுக்கும் முன் ஒரு துண்டு

காயின் நடுவிலிருந்து சின்னத் துண்டு ஒன்றை வெட்டி, நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டு, அந்தக் காயை முழுசாகத் தூக்கிப் போடுங்கள். இந்தக் குடும்பக் காய்களில் சில சமயம் 'குக்குர்பிட்டாசின்' என்ற கசப்புப் பொருள் அதிகமாகச் சேர்ந்துவிடும். கசப்பான சுரைக்காய்ச் சாறு குடித்து உயிரிழந்தவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. சமைத்தாலும் அது போகாது. புளி, வெல்லம் போட்டுக் கசப்பை மறைக்கவும் முயல வேண்டாம்.

தேவையானவை

பீர்க்கங்காய் அல்லது சுரைக்காய் (தோல், முற்றிய விதை நீக்கியது): 1 கிலோ
கல் உப்பு: 1 மேசைக்கரண்டி, பிறகு ருசிக்கு
புளி: 50 கிராம்
வினிகர் (லேபிளில் 4 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்): 60 மி.லி.
நல்லெண்ணெய்: 120 மி.லி.
மிளகாய்த்தூள்: 3 மேசைக்கரண்டி
மஞ்சள்தூள்: 1 தேக்கரண்டி
வறுத்துப் பொடித்த வெந்தயம்: 1 தேக்கரண்டி
கடுகு, பெருங்காயம், சின்னத் துண்டு வெல்லம்

செய்முறை

1. காயைத் துருவியோ பொடியாக நறுக்கியோ, கல் உப்பு சேர்த்துப் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். நிறையத் தண்ணீர் விடும். நன்றாகப் பிழிந்து எடுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம், சப்பாத்தி மாவு பிசையலாம். பீர்க்கங்காய்த் தோலைத் துவையலுக்கு எடுத்து வையுங்கள்.

2. புளியைக் குறைந்த வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரையுங்கள்.

3. அடி கனமான வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, பெருங்காயம் தாளித்து, பிழிந்த காயைப் போட்டு வதக்குங்கள். பச்சை வாசனை போனதும் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், புளிக்கரைசல் சேருங்கள்.

4. மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். சுண்டி, ஓரத்தில் எண்ணெய் பிரிய 30 முதல் 40 நிமிடம் ஆகலாம். அவசரப்படாதீர்கள், தண்ணீர் எவ்வளவு வற்றுகிறதோ அவ்வளவு நல்லது.

5. வெந்தயப்பொடி, வெல்லம், கடைசியாக வினிகர் சேர்த்து இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு இறக்குங்கள்.

புளிப்பு கூடுதலாகத் தெரிந்தால் வெல்லத்தைக் கூட்டுங்கள், புளியையும் வினிகரையும் குறைக்காதீர்கள். காயை இரண்டு கிலோவாக ஆக்கினால் புளிப்பையும் இரண்டு மடங்காக்க வேண்டும். பச்சைப் பூண்டை முழுசாக எண்ணெயில் போட்டு வைக்கும் பழக்கமும் வேண்டாம். அதற்கும் இதே பொட்டுலினம் ஆபத்து உண்டு.

பாட்டிலும் ஃப்ரிட்ஜும்

ஒரே பெரிய பாட்டிலுக்குப் பதில் 200 கிராம் பிடிக்கும் சின்னக் கண்ணாடி பாட்டில்கள் நல்லது. ஒன்றைத் திறந்தால் மற்றவை பத்திரமாக இருக்கும். பாட்டில்களைத் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவைத்து, ஈரமில்லாமல் காயவிடுங்கள். துருப்பிடித்த மூடி வேண்டாம். தொக்கைச் சூடாக நிரப்பி, மேலே ஒரு விரல் அகலம் இடம் விட்டு மூடுங்கள். செய்த தேதியை எழுதி ஒட்டுங்கள். சூடு ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும்.

5 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே வைத்து இரண்டு வாரத்துக்குள் சாப்பிட்டு முடியுங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் ஃப்ரீசரில் வைக்கலாம். எப்போதும் காய்ந்த ஸ்பூன்தான்.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். கரண்ட் போனால், கதவைத் திறக்காத ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். நாள் கணக்கில் மின்சாரம் இல்லையென்றால் பாட்டிலைத் தூக்கிப் போட யோசிக்காதீர்கள். வெள்ளத் தண்ணீர் பட்ட பாட்டிலும் அப்படித்தான், மூடி இறுக்கமாக இருந்தாலும் சரி.

மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது நுரைத்து வழிந்தாலோ ருசி பார்க்கவே கூடாது. சாப்பிட்ட பிறகு பார்வை மங்குவது, இமை தொங்குவது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாமல் போவது போன்ற அறிகுறி தெரிந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

விற்கப் போகிறீர்களா?

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் "வீட்டுத் தொக்கு, பாட்டில் இவ்வளவு" என்று போட்டாலே அது உணவு வணிகம்தான். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன்படி பதிவு வேண்டும். 'ஃபாஸ்கோஸ்' இணையதளத்தில் போன் மூலமாகவே விண்ணப்பிக்கலாம். சிறு வணிகருக்கான ஆண்டு விற்பனை வரம்பு 2011 விதிமுறையில் 12 லட்சம் ரூபாய் என வைக்கப்பட்டது. விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் இருக்கும் வரம்பையும் கட்டணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவானதும் 14 இலக்க எண் கிடைக்கும்.

லேபிளில் பொருளின் பெயர், சேர்மானங்கள், எடை, தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, உங்கள் பெயர், முகவரி, அந்த 14 இலக்க எண், சைவத்துக்கான பச்சைக் குறி ஆகியவை இருக்கட்டும். "ஃப்ரிட்ஜில் வைக்கவும்" என்று பெரிதாகப் போடுங்கள். கெட்டுப்போகாது என்று வாய்வார்த்தையாகச் சொல்லி விற்காதீர்கள். எத்தனை நாள் தாங்கும் என்பதை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் பி.எச். பரிசோதனை செய்துதான் முடிவு செய்ய வேண்டும். முறையாகக் கற்றுக்கொள்ள விரும்பினால், கிண்டியில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தகவல் மற்றும் பயிற்சி மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

வாங்குபவராக இருந்தால், பதிவு எண்ணைப் பார்த்து வாங்குங்கள். சந்தேகம் வந்தால், சட்டத்தின் 40-வது பிரிவின்படி கட்டணம் செலுத்தி நீங்களே உணவைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். புகார் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. பாட்டில், லேபிள் இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்

• கசந்தால் காயைத் தூக்கிப் போடு.
• தண்ணீரைப் பிழி, நன்றாகச் சுண்ட விடு.
• புளி, வினிகர் அளவைக் குறைக்காதே.
• எண்ணெய் மட்டும் காவல் ஆகாது.
• சின்ன பாட்டில், தேதி, ஃப்ரிட்ஜ், இரண்டு வாரம்.
• சந்தேகம் வந்தால் ருசி பார்க்காதே, கொட்டிவிடு.