சும்மா இருக்கும்போதும் சுற்றும் சர்வர்

டெஸ்க்டாப் மென்பொருள்கள் பலவற்றுக்குள் ஒரு சிறிய வெப் சர்வர் ஒளிந்திருக்கிறது. கணக்கு எழுத உதவும் டேலி, வழக்கமாக 9000 என்ற போர்ட்டில் எக்ஸ்எம்எல் கோரிக்கைகளை ஏற்கும். ஜூபிட்டர் நோட்புக் 8888-இல் இயங்கும். பில் அச்சிடும் உள்ளூர் நிரல்கள் பலவும் இப்படித்தான் பிரவுசரோடு பேசுகின்றன. கோரிக்கை ஏதும் வராத நேரத்தில் இந்த சர்வர் தூங்க வேண்டும். சிபியுவைத் தொடவே கூடாது.

வெள்ளானூரில் ஒரு கடையின் பில்லிங் கணினியில் நடந்தது வேறு. ஆள் வராத மதிய வேளையிலும் அதன் விசிறி இரைந்துகொண்டே இருந்தது. டாஸ்க் மேனேஜரில் பில்லிங் நிரல் 25 சதவீதத்தில் அசையாமல் நின்றது. கணினிக்கு 4 கோர். அப்படியானால் ஒரே ஒரு திரட் ஒரு கோரை முழுதாக விழுங்குகிறது என்று பொருள். புதுக் கணினி வாங்கினாலும் இது தீராது. 8 கோர் இருந்தால் அதே பிழை 12.5 சதவீதமாகத் தெரியும், அவ்வளவுதான். எந்தத் திரட் என்பதை விண்டோஸில் பிராசஸ் எக்ஸ்ப்ளோரர் காட்டிவிடும்.

பெரும்பாலும் குற்றவாளி, காத்திருக்கத் தெரியாத லூப். சாக்கெட்டில் ஏதாவது வந்ததா என்று கேட்கும் செலக்ட் அழைப்புக்கு டைம்அவுட்டைப் பூஜ்யமாகக் கொடுத்தால், அது நொடிக்கு லட்சக்கணக்கான முறை கேட்டுக்கொண்டே இருக்கும். பைத்தானின் சர்வர் நூலகம் இதற்கு இயல்பாக அரை நொடி வைத்திருக்கிறது. லூப்புக்குள் ஒரு ஸ்லீப் போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. சதவீதம் குறையும், ஆனால் ஒவ்வொரு கோரிக்கையும் அந்தத் தூக்கம் கலையும்வரை காத்துக் கிடக்கும். அது மருந்தல்ல, ஒத்தடம்.

கண்ணுக்கு எளிதில் படாத பிழை இன்னொன்று. பிரவுசர் இணைப்பை மூடிய பின் அந்தச் சாக்கெட்டைப் படித்தால் 0 பைட் வரும். அதைக் கண்டதும் நிரலும் தன் பக்கத்தை மூட வேண்டும். மூடாவிட்டால் அந்தச் சாக்கெட் 'படிக்கத் தயார்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். டைம்அவுட் சரியாக இருந்தும் லூப் ஓயாது. காலையில் ஒழுங்காக இருந்து மாலையில் சூடேறும் கணினிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

சில சமயம் சர்வர் மீது தவறே இருக்காது. திறந்து கிடக்கும் பக்கம் 200 மில்லிநொடிக்கு ஒருமுறை 'புதிதாக ஏதாவது உண்டா' என்று கேட்டால் அது பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்? அங்கே வெப்சாக்கெட்டுக்கு மாறுவது நல்லது. வெளியிலிருந்து வேண்டாத கோரிக்கைகள் வராமல் இருக்க, சர்வரை 127.0.0.1 முகவரியில் மட்டும் கேட்க வைக்க வேண்டும்.

வெள்ளானூர்க் கணினியில் டைம்அவுட்டும் மூடாத சாக்கெட்டும் சரிசெய்யப்பட்டன. பில் போடாத நேரத்தில் இப்போது அந்த நிரலுக்கு நேரே 0 சதவீதம்தான் தெரிகிறது.