ஒன்றை இரண்டாகக் காட்டும் கல்

தீவகத்திலே பிறந்தார் எவர்க்குஞ் சுண்ணாம்புக்கல் புதிதன்று. சரவணை, வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களிலே கிணறு அகழ்வோர் மண்ணைக் கடந்ததும் காண்பது அக்கல்லையே. நெடுந்தீவார் முருகைக்கல்லை அடுக்கி வேலியும் மதிலும் அமைத்தனர். கல்லுஞ் சிப்பியுஞ் சூளையிலே வெந்து நீறிச் சுண்ணாம்பாகி, வீட்டுச் சுவருக்கும் வெற்றிலைத் தட்டத்துக்கும் உதவின. காங்கேசன்துறையிலே 1950ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கி, 1990ஆம் ஆண்டில் போரினால் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலைக்கும் இக்கல்லே மூலப்பொருளாயிற்று. நம் கிணற்று நீரைக் காய்ச்சுங் கேத்தலின் அடியிலே வெண்மையாய்ப் படிவதும் இதன் இனமே.

இவை யாவற்றுக்கும் அடிப்படையான பொருள் ஒன்று. இரசாயன நூலார் அதனைக் கல்சியம் காபனேற்று என்பர். அப்பொருள், வேற்றுப் பொருட் கலப்பின்றி, வளர்தற்கு வெற்றிடமும் நெடுங்காலமும் பெற்று, ஒழுங்காகத் திரளுமாயின் கண்ணாடி போலத் தெளிந்த பளிங்காகும். அதுவே தெளிந்த கல்சைற்று. காலடியிற் கிடக்குங் கல்லின் உடன்பிறப்பாகிய இப்பளிங்கு, ஒளியின் இயல்பை மக்கள் அறிதற்கு எவ்வாறு துணைநின்றது என்பதை இங்கு நோக்குவோம்.

பளிங்கு என்னுஞ் சொல் தமிழுக்குப் பழையது. மணிமேகலைக் காப்பியத்திலே உவவனத்துப் பளிக்கறை வருகின்றது. திருவள்ளுவர், குறிப்பறிதல் அதிகாரத்திலே, உள்ளத்தின் நிலையை முகம் வெளிப்படுத்துதற்குப் பளிங்கை உவமையாக்கினார். அவர் கூறிய பளிங்கு பக்கத்துப் பொருளின் சாயலைத் தான் ஏற்றுக் காட்டும். நாம் கூறும் பளிங்கோ தன் கீழ் உள்ள ஒன்றை இரண்டாகக் காட்டும்.

வெண்டாளில் ஒரு புள்ளியிட்டு அதன்மேல் இப்பளிங்கை வைத்துப் பார்த்தால் இரு புள்ளிகள் தோன்றும். பளிங்கை மெல்லச் சுழற்றினால் ஒரு புள்ளி அசையாது நிற்க, மற்றையது அதனைச் சுற்றி வரும். பளிங்கு 1 சதமமீற்றர் தடிப்புடையதாயின் இரு புள்ளிகளுக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் ஆகும். உட்புகும் ஒளிக்கதிர் இரண்டாய்ப் பிரிந்து, வெவ்வேறு வேகத்தோடு செல்வதே இதற்குக் காரணம். ஒரு கதிருக்கு முறிவுச்சுட்டி 1.658, மற்றையதற்கு, வேற்றுமை மிக்க திசையில், 1.486. இந்நிகழ்ச்சியை இரட்டை முறிவு என்பர்.

1669ஆம் ஆண்டில் தென்மார்க்கு அறிஞர் எரசுமசு பார்த்தோலின், ஐசுலாந்திலிருந்து வந்த பளிங்கிலே இவ்வியல்பைக் கண்டு நூலெழுதினார். அதனாலே இதற்கு ஐசுலாந்துப் பளிங்கு என்னும் பெயர் வழங்கிற்று. 1690ஆம் ஆண்டில் ஒல்லாந்து அறிஞர் ஐகன்சு, ஒளி அலையாகச் செல்வது என்னுங் கொள்கையால் இதற்கு விளக்கங் கூறினார். 1808ஆம் ஆண்டில் மாலூசு என்பார், பாரிசு நகரத்து மாளிகையொன்றின் சாளரக் கண்ணாடியிலே தெறித்த மாலை வெயிலை இப்பளிங்கினூடே நோக்கினார். பளிங்கைத் திருப்பியபோது இரு தோற்றங்களும் ஒளியில் ஏறியும் இறங்கியும் வேறுபட்டன. தெறித்த ஒளியும் திசைப்பட்ட அதிர்வு உடையது என்பது இதனாற் புலனாயிற்று.

திசைப்பட்ட அதிர்வு யாது? நமது மட்டைவேலியை நினைக்க. நெட்டாக நிற்கும் இரு மட்டைகளின் இடுக்கினூடே ஒரு கயிற்றை நீட்டி, மேலுங் கீழுமாக உதறினால் அலை வேலியைக் கடந்து செல்லும். பக்கவாட்டில் உதறினால் மட்டையிலே தடைப்படும். இயல்பான ஒளி எல்லாத் திசையிலும் குறுக்கே அதிர்வது. கல்சைற்று அதனை, ஒன்றுக்கொன்று செங்குத்தாக அதிரும் இரு கதிர்களாகப் பிரித்துவிடுகின்றது. ஒரு திசையில் மாத்திரம் அதிரும் ஒளியை முனைவாக்கப்பட்ட ஒளி என்பர்.

1828ஆம் ஆண்டில் எடின்பரோவிலே வில்லியம் நிக்கோல் என்பவர், இப்பளிங்கை மூலைவிட்டமாக அறுத்து, கனடாப் பிசினால் மீண்டும் ஒட்டி, ஓர் அரியம் செய்தார். ஒரு கதிர் ஒட்டிய இடத்திலே முழுதுந் தெறித்து விலகும். மற்றையது நேரே வெளிவரும். கல்லைக் காகிதம் போல மெல்லியதாய்த் தேய்த்து அதன் கனிப்பொருள்களை அறியும் நுணுக்குக்காட்டியிலும், கரைசலிலுள்ள சீனியின் அளவை அறியுங் கருவியிலும் இவ்வரியம் இடம்பெற்றது.

தமிழகத்துத் திருச்சிராப்பள்ளியிலே 1888ஆம் ஆண்டில் பிறந்த சேர் சி. வி. இராமன் கையிலும் இவ்வரியம் இருந்தது. 1921ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் மீண்டபோது அவர் கடலின் நீலத்தை ஆராய்ந்தார். வானத்தின் நீலமே கடலிலே தெறித்துத் தோன்றுகின்றது என்பது றேலி பிரபுவின் கருத்து. இராமன் நிக்கோல் அரியத்தைத் தக்க கோணத்திலே பிடித்து, நீர்மேல் தெறிக்கும் வானொளியை விலக்கிப் பார்த்தார். கடல் அப்போதும் நீலமாகவே, முன்னிலும் செறிவாகத் தோன்றியது. ஆகவே நிறம் நீரிலிருந்தே வருவதென்று தெளிந்தார். நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறுவதே காரணமென அவர் கொண்டார். நீர் செந்நிற ஒளியை உறிஞ்சுவதும் பெருங் காரணமென்று இன்று அறிவோம். அன்று தொடங்கிய ஆராய்ச்சியே 1928ஆம் ஆண்டில் இராமன் விளைவுக்கும், 1930ஆம் ஆண்டில் நோபல் பரிசுக்கும் வழிகாட்டியது. நாள்தோறுங் கடலைக் காணும் நம்மவர் இதனைச் சிறப்பாக நினைத்தல் தகும்.

அத்தகைய பளிங்கு நம் கல்லிலே ஏன் விளையவில்லை? யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்திலே, ஆழமற்ற கடலில், உயிர்களின் ஓடுகளும் சேறும் படிந்து இறுகியது. அதன் மணிகள் நுண்ணியன; தாறுமாறாக நெருங்கிக் கிடப்பன; ஆதலின் ஒளி ஊடுருவாது. ஐசுலாந்தின் கிழக்கிலுள்ள எல்குசுதாதிர் என்னும் இடத்திலோ, எரிமலைப் பாறையின் பொந்துகளிலே வெந்நீர்க் கரைசலிலிருந்து பளிங்கு தடையின்றி வளர்ந்தது. வெடிப்பு, நிறம், குமிழி, இரட்டைத் திரட்சி ஆகிய குற்றமொன்றும் இல்லாத துண்டே ஒளிக்கருவிக்கு ஏற்றது. உலகின் கருவிகளுக்கெல்லாம் நெடுங்காலம் பளிங்கு கொடுத்த அச்சுரங்கத்திலே தோண்டுதல் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓய்ந்தது. 1975ஆம் ஆண்டு முதல் அவ்விடம் காவலுக்குட்பட்டது. மெக்சிக்கோ, தென்னாபிரிக்கா, சைபீரியா ஆகிய இடங்களிலும் நற்பளிங்கு கிடைத்தது. 1930ஆம் ஆண்டளவில் தோன்றிய போலறோயிட்டுத் தகடு பல கருவிகளில் இதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. எனினும், நுட்பமான அளவைக்கும் வலிய இலேசர் ஒளிக்கும் கல்சைற்று அரியம் இன்றும் வேண்டப்படுகின்றது.

மாணவர் ஒரு பளிங்கை ஐயுற்றால் எளிதிற் சோதிக்கலாம். கல்சைற்றின் வன்மை 3 ஆதலின் கத்தி அதனைக் கீறும். படிகக்கல்லின் வன்மை 7 ஆதலின் கத்திக்கு அசையாது. ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஒரு துளி பட்டாற் கல்சைற்று நுரைத்துக் காபனீரொட்சைட்டை விடும். இச்சோதனைகளை உடைந்த துண்டிலே செய்க. நல்ல பளிங்கிலே செய்து அதனைக் கெடுத்தல் வேண்டா.

எல்குசுதாதிர்ச் சுரங்கத்தின் வரலாறு நமக்கும் ஒன்றை உணர்த்துகின்றது. அகழ்ந்தெடுத்த கல் நம் வாழ்நாளில் மீள வளராது. நம் சுண்ணாம்புக்கல் அரியமாகாது. ஆயினும் மாரியிற் பெய்யும் நீரைத் தன் துவாரங்களிலே தாங்கி, கீழுள்ள உவர்நீரின்மேல் நன்னீர் மிதக்க இடந்தருவது அதுவே. அளவிறந்து கல் அகழ்ந்தாலும், அளவிறந்து நீர் இறைத்தாலும், கிணறு உவராகும். ஆற்றுநீர் இல்லாத தீவகத்தார்க்கு இதனினும் பெரிய இழப்பு வேறில்லை. தெளிந்த பளிங்கை வியக்குங் கண், அதன் உடன்பிறப்பாகிய இக்கல்லையும் மதித்துக் காக்குமாக.